குடியை விட நினைப்பவர் எங்கே போவது?

பத்தாம் திகதி சம்பளம், இருபத்தைந்தாம் திகதி அட்வான்ஸ். இந்த இரண்டு நாட்களுக்கும் மறுநாள் காலையில் பிரட்டுக்களத்தில் எத்தனை தலை குறையும் என்பதை எந்தக் கணக்கப்பிள்ளையும் செக்ரோலைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அன்று லயத்தில் எந்தக் காம்பராவில் அடுப்பு எரியவில்லை என்பதைப் பக்கத்துக் காம்பரா அக்கா சொல்லிவிடுவார். எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயத்தைப் பற்றி நமது சங்கப் பத்திரிகை இத்தனை வருடங்களில் ஒரு தலையங்கம்கூட எழுதியதில்லை. இந்த மாதம் எழுதுகிறோம்.

ஏன் எழுதவில்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்வோம். சம்பள உயர்வு கேட்டுப் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு கதை வரும். "கூட்டிக் கொடுத்தால் என்ன செய்யப் போகிறார்கள்? தவறணையில்தானே கொண்டுபோய்க் கொட்டப் போகிறார்கள்" என்பார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்துக் கதை அது. தோட்டங்களை ஒட்டித் தவறணைக்கு அனுமதி கொடுத்து, அதில் வரியும் எடுத்து, பிறகு கூலி குடிக்கிறான் என்று குற்றமும் சொன்னவர்களின் கதை. அதற்கு நாமே தீனி போட்டுவிடக் கூடாது என்று பயந்தோம். 2015 இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை எழுந்தது. 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் வரும்வரை ஆறு வருடம் மலையகம் தெருவில் நின்றது. அந்த நேரத்தில் சங்கப் பத்திரிகையே குடியைப் பற்றி எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்து மேசையில் போட்டிருப்பார்கள்.

பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள் நாம் அல்ல. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறியவர்கள் கொடுத்தார்கள். மனைவி எடுத்த பேருக்குப் புருஷன் போய்ச் சம்பளம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. நம் அங்கத்தவர்களில் மூத்த அம்மாமார் அதை மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது. அட்டை யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கிறது. மே தினத்துக்கு பஸ் ஏற்றும்போது பின் சீட்டுக்கு அடியில் என்ன வந்தது? புதிதாக அங்கத்துவம் சேர்க்கும் காலத்தில் சில தலைவர்மார் எதைக் காட்டி ஆள் பிடித்தார்கள்? தேர்தல் நேரத்தில் லயத்துக்கு லயம் போன பெட்டிகளில் துண்டுப் பிரசுரம் மட்டும்தான் இருந்ததா? மற்றச் சங்கமும் செய்தது என்று சொல்லித் தப்பலாம். நாம் தப்ப விரும்பவில்லை.

இப்போது வாய் திறக்க வைத்தது திருகோணமலையில் இருந்து வந்த ஒரு கடிதம்.

தோட்டத் தொழிற்சங்கத்துக்குத் துறைமுகத்தில் என்ன வேலை என்று புதிய வாசகர்கள் கேட்கக்கூடும். 1977 கலவரத்தில் அடிபட்டு மலையை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதி, காந்தியம் போன்ற அமைப்புகளின் துணையோடு வவுனியா, திருகோணமலைப் பக்கங்களில் குடியேறின. அதற்குப் பிறகு வேலை தேடிப் போன பிள்ளைகள் வேறு. சீனன்குடாவில், துறைமுகத்தைச் சுற்றிய ஆலைகளிலும் களஞ்சியங்களிலும், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களிலும், கட்டிட வேலைகளிலும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். சந்தாவும் கட்டுகிறார்கள். அவர்களுக்கான நமது கிளையில் நீண்டகால அங்கத்தவர் ஒருவர்தான் அந்தக் கடிதத்தை எழுதியவர். கதையைப் போடுங்கள், பெயரைப் போடாதீர்கள் என்று கேட்டிருக்கிறார். பெயர் ஏன் வேண்டாம் என்பதற்கு அவர் சொல்லும் காரணம் பின்னால் வருகிறது.

டிக்கோயாப் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் திருகோணமலைக்கு வந்து மூட்டை சுமக்கும் வேலையில் சேர்ந்தார். "மலையில் குளிருக்குக் குடித்தேன், இங்கே வெயிலுக்குக் குடித்தேன்" என்று எழுதுகிறார். அட்டைக் கடிக்கும் மழைக்கும் ஒரு கிளாஸ், மேல் வலிக்கு ஒரு கிளாஸ், சம்பளம் வந்தால் ஒன்று, வராவிட்டால் இரண்டு. முதலில் வேலை முடிந்த பிறகு. பிறகு மத்தியானம். கடைசி இரண்டு வருடம், கண் விழித்ததும் ஒரு வாய் விட்டால்தான் கை நிற்கும். ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், கூட வேலை செய்த பையன் கோப்பையைப் பிடித்துக் குடிக்க வைத்தான். அந்தப் பையனுக்குத் தன் மூத்த மகளின் வயது என்று எழுதியிருக்கிறார். மகள் அப்போது அவருடன் இல்லை. மனைவி இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பிப் போயிருந்தார்.

அன்று பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். தொடவும் இல்லை. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. அறையில் இருந்தவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து எலுமிச்சம்பழம் தேடினார்கள். ஒருவர் மட்டும் 1990 ஐ அழைத்தார். அம்புலன்ஸ் வந்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு இது தெரியாது. தினமும், காலையிலிருந்தே குடித்துப் பழகிய ஒருவர் ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது. கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை என்று தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, புத்தி தடுமாறி, காய்ச்சலும் படபடப்புமாக உயிரே போகலாம். மன உறுதி குறைந்தவனுக்கு வருவது என்று இதை நினைக்கக் கூடாது. உடம்பு மதுசாரத்துக்குப் பழகிவிட்டதால் வருவது. வைத்தியசாலையில் சில நாட்கள் வைத்து, நடுக்கத்தை அடக்கும் மருந்தும் பி1 உயிர்ச்சத்தும் கொடுத்துப் பாதுகாப்பாக இறக்கிவிடுவார்கள். எனவே "ஆம்பளையா இருந்தா இன்னைக்கே நிறுத்து" என்று யாரும் யாரையும் சவாலுக்கு இழுக்க வேண்டாம். நிறுத்த நினைப்பவர் முதலில் டொக்டரிடம் போகட்டும். எவ்வளவு குடித்தார் என்பதை அங்கே குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்து வாங்கும் அக்கா தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. அதில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, விற்பவர் சொல்லவும் மாட்டார். குடியை வெறுக்கச் செய்யும் மாத்திரை என்று டொக்டர்மார் கொடுக்கும் ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்ட நிலையில் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகிவிடும். அதனால்தான் குடிப்பவர் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட்டாலொழிய அதைக் கொடுப்பதில்லை. கஷ்டம் தாங்காமல் செய்வதுதான், ஆனாலும் செய்யாதீர்கள்.

வைத்தியசாலையில் அவரை மனநலப் பிரிவின் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். "பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிறான்" என்று வேலைத்தலத்தில் பேச்சு வந்தது. குடித்துவிட்டுக் கானில் விழுந்து கிடந்தபோது பேசாதவர்கள்தான் இதைப் பேசினார்கள். இருந்தும் கிளினிக்கை விடவில்லை. ஒரு மாதம் கழிந்தது. கடிதத்தில் நாம் திரும்பத் திரும்ப வாசித்த வரி இங்கேதான் வருகிறது: "மாத்திரை கையை நிறுத்தியது. ஆனால் மாத்திரை பேசாதே. பின்னேரம் ஆறு மணிக்கு எல்லோரும் போன பிறகு நான் யாரோடு பேசுவது?"

கிளினிக்கில் கேட்டார். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசிப் பார்த்தார். அந்த இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். குடியை விட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டங்கள் இருக்கின்றன, ஏ.ஏ. என்று பெயர், கொழும்பில் நடக்கின்றன என்று தெரிந்தது. ஓர் இலக்கம் கிடைத்தது. அழைத்தார். அந்தப் பக்கம் சிங்களத்தில் ஒரு குரல். "வாங்க, ஒன்றும் கொண்டுவர வேண்டாம்" என்றது. திருகோணமலையில் இரவு ரயில் ஏறி விடிய கோட்டையில் இறங்கினார்.

கூட்டம் நடந்த இடத்தின் வாசல்வரை இரண்டு தரம் போய்த் திரும்பி வந்தாராம். உள்ளே பெயரை எழுதிக்கொள்வார்களோ, பொலிசுக்குக் கொடுப்பார்களோ, படம் எடுப்பார்களோ என்று பயம். சாரமும் பழைய சட்டையும் வேறு கூச்சம். மூன்றாம் தரம் போனபோது உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வந்து தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டார். அவ்வளவுதான்.

உள்ளே நடந்ததை அவர் எழுதியபடியே சுருக்கித் தருகிறோம், ஏனென்றால் இந்தக் கூட்டங்களைப் பற்றி நம்மிடம் பல தவறான எண்ணங்கள் உண்டு. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பதிவுப் புத்தகம் இல்லை. கட்டணம் இல்லை. டொக்டரும் இல்லை, பிரசங்கியாரும் இல்லை. அன்று தலைமை தாங்கியவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான். அமைதியாக ஒரு சிறு பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவராகத் தம் முதற்பெயரைச் சொல்லி, தமக்கு நடந்ததைச் சொன்னார்கள். சொல்ல விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, புத்திமதி சொல்வதும் இல்லை. வங்கியில் பெரிய வேலை பார்த்த ஒருவரும், முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சிங்களமும் ஆங்கிலமுமாகப் பேசியதில் பாதி நம்மவருக்கு விளங்கவில்லை. ஆனால் ஒருவர், விடிய எழும்பியதும் கை நடுங்கியதைச் செய்து காட்டினாராம். அது விளங்கியது. தன் முறை வந்தபோது தமிழில் ஐந்து வசனம் பேசினார். ஒருவர் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு தட்டு சுற்றி வந்தது. விரும்பியவர் போட்டார்கள், இவர் போடவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

இந்த ஏ.ஏ., அதாவது அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், எப்படிப் பிறந்தது என்பது தொழிற்சங்கக்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய கதை. 1935 மே மாதம். பில் என்ற பங்குத் தரகர் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊருக்கு வந்து, வந்த காரியம் தோற்றுப்போய் ஹோட்டல் வாசலில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான். ஒரு பக்கம் மதுச்சாலையின் சத்தம், மறுபக்கம் தொலைபேசி. தேவாலயங்களின் இலக்கங்களைப் பார்த்து ஒவ்வொன்றாக அழைத்து, இந்த ஊரில் என்னைப்போலக் குடியால் கெட்ட ஒருவர் இருந்தால் நான் அவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பொப் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். கால் மணி நேரம்தான் என்று உட்கார்ந்தவர்கள் இரவுவரை பேசினார்கள். அடுத்த மாதம் 10 ஆம் திகதி பொப் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் ஏ.ஏ.யின் பிறந்தநாள் என்கிறார்கள். கவனியுங்கள், பில் உதவி கேட்டு அழைக்கவில்லை. தன்னைப் போன்ற இன்னொருவனோடு பேசினால்தான் தான் குடிக்காமல் இருக்கலாம் என்று அழைத்தார். இரண்டு பேர் சேர்ந்தார்கள், சங்கம் பிறந்தது. 1957 இல் இந்தியாவுக்கு வந்தது.

அதில் சேர ஒரே ஒரு தகுதி: குடியை விடும் விருப்பம். சாதி, மதம், மொழி, சம்பளச் சீட்டு எதுவும் கேட்பதில்லை. கடவுள் என்ற சொல் அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் வருகிறது. அவரவர் விளங்கிக்கொண்டபடி என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். கோயிலுக்குப் போகிறவர், சேர்ச்சுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், எங்கும் போகாதவர் எல்லோரும் உட்காரலாம். மற்றவரிடம் பெயர் சொல்லாமை அவர்களின் உறுதியான வழக்கம். நம் தோழர் தன் பெயரைப் போட வேண்டாம் என்றது அதனால்தான். வெட்கத்தால் அல்ல. பெயர் போட்டால் நாளைக்குத் தான் வழுக்கி விழுந்தால் "கூட்டத்துக்குப் போனவனே குடிக்கிறான்" என்று அடுத்தவன் வராமல் போவான் என்கிறார். எல்லாச் சங்கத் தலைவர்மாரும் இதை ஒருதரம் யோசித்துப் பார்க்கலாம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் என்ற அமைப்பு 2020 இல் 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரைப் பற்றியவற்றை, எடுத்துப் பார்த்தது. முழுமையாகக் குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.யும் அதில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சையும் மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, பல சமயம் கூடுதல் பலன் தருகின்றன என்று சொன்னது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லவில்லை. சிலருக்கு உளவளத்துணையாளரோடு தனியாகப் பேசுவதுதான் ஒத்துவரும். கொழும்பில் சுமித்ரயோவின் மெல் மெதுர அந்த உதவியைச் செய்கிறது.

திருகோணமலைக்குத் திரும்பியவருக்குக் கொழும்பில் ஒருவர் தன் இலக்கத்தைக் கொடுத்திருந்தார். ஆறு மணிக்குத் தொண்டை வறளும்போது அந்த இலக்கத்துக்கு எடுத்தார். கொச்சைச் சிங்களத்தில் ஏதோ பேசுவார்கள், ஏழு மணியாகிவிடும். ஒவ்வொரு மாதமும் ரயில் ஏறக் காசு இல்லை. எனவே, பில் செய்ததையே இவரும் செய்தார். வைத்தியசாலையில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த மீனவர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். கிளினிக் வாங்கில் பழக்கமான ஒருவரும் சேர்ந்தார். அவர் ஒரு காலத்தில் சீருடை போட்டவர், சிங்களவர். யுத்த காலத்தில் இந்த மூன்று பேரும் ஒரு தெருவில் எதிர்ப்பட்டிருந்தால் தலை குனிந்து விலகிப் போயிருப்பார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடற்கரை மணலில் உட்கார்ந்து பேசினார்கள். மழைக்காலம் வந்தது. இடம் இல்லை. நம் கிளைக் காரியாலயத்தின் பின் அறையைக் கேட்டார்.

கிளைக் குழுவில் பெரிய வாக்குவாதம். "குடிகாரக் கூட்டத்துக்குச் சங்க அறையா? நாளைக்கு மற்றச் சங்கத்துக்காரன் என்ன சொல்லுவான்?" என்றார் ஒருவர். இந்த ஒருவர் யார் என்று எழுத மாட்டோம். ஆனால் மே தின பஸ்ஸின் பின் சீட்டில் இருந்தவர்களில் ஒருவர். கடைசியில் மாதர் பிரிவுத் தலைவி எழும்பி, "அறையைக் கொடுக்காவிட்டால் இந்த வருடச் சந்தாவை எங்கள் பக்கத்தில் இருந்து எதிர்பார்க்க வேண்டாம்" என்றார். அறை கொடுக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்தது நமக்கே ஒரு பாடம். சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். மாட்டார்களாம். வெளியாரிடம் இனாம் வாங்குவதில்லை, எந்தச் சங்கத்தோடும் கட்சியோடும் ஒட்டுவதில்லை என்பது ஏ.ஏ.யின் மரபாம். மாதம் இருநூறு ரூபா வாடகை, ரசீது வேண்டும், சுவரில் உள்ள தலைவர்மார் படத்தை ஞாயிறு மட்டும் துணியால் மூட அனுமதி வேண்டும் என்றார்கள். சந்தா கட்டாத ஆனால் வாடகை தவறாத ஒரு கூட்டம் நம் கட்டிடத்தில் நடக்கிறது. படங்களையும் மூடுகிறார்கள். படத்தில் இருப்பவர்கள் மன்னிப்பார்கள்.

எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதினால் பொய். ஐந்தாம் மாதம் தீபாவளி வந்தது. முற்பணத்தோடு பிள்ளைகளைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனார். லயத்து வாசலிலேயே பழைய கூட்டாளி போத்தலோடு நின்றான். "நல்ல நாளும் பெரிய நாளுமா ஒரு கிளாஸ்தானே மச்சான்." மூன்று நாள் கழித்துத்தான் தெளிந்தார். பிள்ளைகளுக்கு எடுத்த உடுப்புப் பை பஸ்ஸிலேயே போயிருந்தது. திருகோணமலைக்கு வந்து பின் அறையில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். மீனவர் தேத்தண்ணி ஊற்றினாராம். முன்னாள் சிப்பாய், "அப்ப இன்னைக்கு முதல் நாள்" என்றாராம். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. கடிதம் எழுதிய அன்று இருநூற்றுப் பன்னிரண்டு நாள். மனைவி இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் ஃபோனை எடுக்கிறார்.

அந்தக் கூட்டாளியையும் நாம் திட்டப் போவதில்லை. ஒரு கிளாஸ் கொடுக்காவிட்டால் மரியாதையில்லை என்று நினைக்கும் வழக்கத்தில் நாம் எல்லோரும் பங்குதாரர்கள். கல்யாணம், சடங்கு, சாவு, தேர், ஆடி, தீபாவளி எதுவானாலும் லயத்துப் பின்பக்கத்தில் ஒரு மேசை உண்டு. விட்டவன் வந்தால் அவனுக்குச் சோடா ஊற்றிக் கொடுக்க ஒருவராவது அந்த மேசையில் இருக்கலாமே.

மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன வழி? அவர் விடும்வரை அடியை வாங்கிக்கொண்டு காத்திருங்கள் என்று இந்தப் பத்திரிகை சொல்லாது. வீட்டில் அடி நடந்தால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. குடித்திருந்தான் என்பது சட்டத்தில் சாட்டு அல்ல, நம் மாதர் சங்கத்திலும் இனிச் சாட்டு அல்ல. அதோடு, குடிப்பவரின் குடும்பத்தார் தமக்குள் கூடிப் பேசும் அல்-அனொன் என்ற கூட்டமும் 1951 முதல் உலகில் இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் தொடங்கி வைத்தது. புருஷன் கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் மனைவிமார் கூடலாம். பிள்ளைக்காம்பரா வாசலில் பின்னேரத்தில் ஏற்கெனவே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

தோட்டத்தில் இதெல்லாம் முடியுமா, அது பட்டணத்து விஷயம் என்று நினைப்பவர்கள் மஞ்சக்குடியைக் கேட்டறிய வேண்டும். தமிழ்நாட்டில் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். பட்டணத்துக்கு வந்து படுக்க வசதியில்லாத ஏழைகளுக்காக, 1989 முதல் மஞ்சக்குடியில் முகாம் போட்டார்கள். குடிப்பவர்கள் தங்கள் ஊர்ப்பக்கத்திலேயே தங்கினார்கள், குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள், முகாம் முடிந்த பிறகும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். வயலில் கூலி வேலை செய்தவர்கள்தான் பெரும்பாலும். நம் தோட்டங்களில் டிஸ்பென்சரி இருக்கிறது, கோயில் மண்டபம் இருக்கிறது, வாசிகசாலை இருக்கிறது. இல்லாதது ஏற்பாடு.

ஏற்பாட்டைச் சங்கம்தான் கேட்டு வாங்க வேண்டும். சர்வதேச தொழில் நிறுவனம் 1996 இல் வெளியிட்ட வழிகாட்டி, வேலைத்தலத்தில் மதுசாரப் பிரச்சினையை மற்ற நோய்களைப் போலச் சுகாதாரப் பிரச்சினையாகவே பார்க்கச் சொல்கிறது. சிகிச்சைக்கு வருபவரைப் பாகுபடுத்தக் கூடாது, அவரது விபரங்களை இரகசியமாக வைக்க வேண்டும், தண்டனைக்கு முதல் சிகிச்சைக்கு வழி காட்ட வேண்டும் என்கிறது. இதை வைத்துக்கொண்டு அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் கேட்கப் போவது இவை: சிகிச்சைக்காக வைத்தியசாலையில் இருக்கும் நாட்களும் கிளினிக் நாட்களும் வருகைக் கணக்கில் குறையக் கூடாது. டிஸ்பென்சரியில் இருந்து அரச வைத்தியசாலைக்கு அனுப்ப வாகனம் வேண்டும். அங்கே போய் வந்தவரின் பெயர் பிரட்டுக்களத்தில் பேசப்படக் கூடாது. தோட்டத்துக்குள் கசிப்பு விற்பவரை நிர்வாகத்துக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவர் நம் அங்கத்தவராக இருந்தால் இனிச் சங்கம் அவருக்காகப் பொலிசுக்குப் போகாது. பழைய கதையை எடுத்து வீசுபவர்களுக்கு அந்த மேசையிலேயே பதில் சொல்வோம்: குடிப்பவனுக்கும் உழைப்புக்கேற்ற கூலி கொடுக்க வேண்டும், குடியை விட நினைப்பவனுக்கு லீவும் கொடுக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது.

நம் பக்கத்திலும் சில தீர்மானங்கள். இந்த வருட மே தின பஸ்களில் போத்தல் ஏறினால் அந்தத் தோட்டத் தலைவர் பதவியில் இருக்க மாட்டார். எந்தக் கிளையிலாவது இரண்டு பேர் வந்து அறை கேட்டால், யார், ஏன் என்று விசாரிக்காமல் சாவியைக் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் தலைவர்மார் எட்டிப் பார்க்கக் கூடாது, பேச்சும் நிகழ்த்தக் கூடாது. நமக்கு இது கஷ்டம்தான்.

திருகோணமலைக் கிளையின் பின் அறை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குத் திறந்திருக்கும். முன் வாசலால் வரக் கூச்சமென்றால் பக்கத்து ஒழுங்கையால் வரலாம், அந்தக் கதவும் பூட்டியிருக்காது. இப்போது ஆறு பேர் வருகிறார்கள். கிளைச் செயலாளர் கதிரை பத்துப் போட்டிருக்கிறார். தேத்தண்ணித் தூள் நம் மலையில் இருந்து போகிறது, அதற்கும் காசு கொடுக்கிறார்கள்.